சாட்சிக்குக் கஞ்சி போட்டேன்

மார்ச் 4, புதன்

காலையில் மாடியில் உலர்த்திய ஆஸ்பத்திரி விரிப்புகள் மதியத்துக்குள் சாம்பல் பூசிக்கொண்டு விட்டன. மறுபடியும் துவைத்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையம், இந்தப் பக்கம் என் சலவைக்கடை. காற்று எந்தக் கட்சி என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

அந்தப் புகைபோக்கிக்குக் கீழே கொதிகலனைக் கட்டிக்கொண்டு அழுபவன் என் சொந்த அண்ணன். ஏதாவது சொன்னால், "உன் இஸ்திரிப் பெட்டி என் கரன்ட்லதான்டி சூடாகுது" என்று வாயை அடைத்துவிடுவான். நியாயம்தான். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

மார்ச் 8, ஞாயிறு

எங்கள் சுத்த மின்சாரக் குழுவின் கூட்டம், பல் டாக்டர் கிளினிக்கில். அவர்தான் தலைவர். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவர், தன் வாயை மூடுவதே இல்லை. விஷயம் இதுதான்: மாநகரசபை நிலக்கரி மின்சாரம் வாங்கும் ஒப்பந்தம் முடியப்போகிறது. புதுப்பித்தால் இன்னும் பதினைந்து வருஷம் சாம்பல். புதுப்பிக்காவிட்டால் வெயிலிலும் காற்றிலும் எடுக்கும் மின்சாரம். ஏப்ரல் 9 சபையில் ஓட்டெடுப்பு.

நான் ஒரு யோசனை சொன்னேன். புது வெள்ளை விரிப்பு ஒன்றை அதுவரை என் மாடியில் தொங்கவிடுவோம். துவைக்காமல் கொண்டுபோய் மேயர் மேஜையில் விரிப்போம். டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

அண்ணன் காதுக்குப் போய்விட்டது. கடைக்கே வந்து கத்தினான். "என் சோத்துல மண்ணப் போட ஊர்ல வேற ஆளே இல்லையா? கூடப் பொறந்தவதான் கிடைச்சாளா?"

அவன் வீட்டுத் துணி மூட்டை வாராவாரம் என்னிடம்தான் வரும். இந்த வாரம் வரவில்லை. நாறட்டும். எனக்கென்ன.

மார்ச் 11

எனக்கென்ன என்று எழுதிவிட்டேன். அழுகையா வருது. சனியன்.

மார்ச் 22, ஞாயிறு

டாக்டரோடு சண்டை. மின் நிலையத்து ஆட்களுக்குப் புது வேலையில் முதல் இடம் தர வேண்டும், அதையும் நம் கோரிக்கையில் சேருங்கள் என்றேன்.

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல பூமியக் காப்பாத்துவோம்."

"பூமிக்கு அண்ணன் கிடையாது டாக்டர். எனக்கு இருக்கான். அது சேரலைன்னா விரிப்பு என் மாடியவிட்டு இறங்காது."

சேர்த்தார்கள். அண்ணிக்குப் போன் செய்து சொன்னேன். அண்ணனிடம் சொல்வதாகச் சொன்னாள். சொல்லுவாளா? சொன்னாலும் அந்த மனுஷன் கேட்பானா?

ஏப்ரல் 8, புதன்

நாளைக்கு ஓட்டெடுப்பு. விரிப்பை இறக்கி மேஜைமேல் மடித்து வைத்தேன். என்ன அருமையான அழுக்கு! என் தொழிலில் அழுக்கைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஏப்ரல் 9, காலை

அடிப்பாவி. அடிப்பாவி. நானேதான்.

விடிந்ததும் கடையைத் திறந்தேன். மேஜைமேல் அழுக்கு விரிப்பு. இத்தனை வருஷம் துவைத்த கை சும்மா இருக்குமா? மெஷினில் போட்டு, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, இஸ்திரியும் போட்டு முடித்த பிறகுதான் என் மூளை கடைக்கு வந்து சேர்ந்தது. விரிப்பு பளிச்சென்று இருக்கிறது. இதைக் கொண்டுபோனால் மின் நிலையத்துக்கே நற்சான்று கொடுத்த மாதிரி.

டாக்டருக்குப் போன் செய்தேன். முதன்முதலாக அவருக்குப் பேச்சு வரவில்லை. அண்ணியைக் கூப்பிட்டு அழுதேன். வேறு யாரிடம் போய் அழுவது?

அதே நாள், சாயங்காலம்

சபைக்குக் கிளம்பும்போது அண்ணி வந்து நின்றாள், பெரிய மூட்டையோடு. "விஷயத்தக் கேட்டு உங்கண்ணன் வயிறு வலிக்கச் சிரிச்சாரு. அப்புறம் அவரே இதக் கட்டி, இப்பவே கொண்டுபோய்க் குடுன்னாரு."

அவர்கள் குடியிருப்பது புகைபோக்கிக்கு நேர் கீழே. மூட்டையைப் பிரித்தேன். மேலேயே அண்ணன் மகள் பாப்பாவின் தலையணை உறை. நானே வாங்கிக் கொடுத்த வெள்ளை உறை. குழந்தை தலை வைத்த இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது, சுற்றிலும் சாம்பல். இதையா என் குழந்தை மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தது?

மேயர் மேஜையில் என் விரிப்பை விரித்து, நடுவில் அந்த உறையை வைத்தேன். "இது நான் துவைச்சது. இது துவைக்காதது."

"யாரோடதும்மா இது?" என்றார் மேயர்.

"கஸ்டமர் பேரை வெளிய சொல்றதில்லைங்க."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இரண்டே ஓட்டில் ஜெயித்தோம். ஆட்களுக்குப் புது வேலை என்ற வரியும் நிறைவேறியது. டாக்டர் மறுபடி பேச ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் 10

அண்ணனுக்கு நன்றி சொல்லப் போன் செய்தேன்.

"எதுக்கு நன்றி? துவைக்கத்தான அனுப்பினேன். துவைச்சியா இல்லையா?"

நவம்பர் 18, புதன்

அண்ணன் மூட்டை வந்தது. புகைபோக்கி இன்னும் நிற்கிறது, புகை பாதிதான். சட்டையை உதறினேன். கரி இல்லை. கால்சட்டை முழங்கால் இரண்டிலும் அப்பிய செம்மண். ஊருக்கு வெளியே சூரியத் தகடு நடுகிற இடத்தில் மண்டி போட்டு வேலை கற்றுக்கொள்கிறானாம்.

கரியாவது சோப்புக்குப் போகும். இந்தச் செம்மண் இரண்டு தடவை ஊறவைத்தும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரட்டும், அவனுக்கு இருக்கு.