செல்லத்துரைக்கு ஊற்றாத கிளாஸ்

கண்டி
12.8.1957

அன்புள்ள பூமயிலுக்கு, கூத்தையா எழுதுவது. இங்கே நான் சுகம். உன் இடுப்பு வலி தேவலையா? அய்யாவுக்கு இருமல் நின்றதா?

கல்லூரி விடுதி விருந்துகளில் சாராயம் ஊற்றும் வேலை என்று நீ கலங்காதே. நான் அதை வாயில் வைப்பதில்லை.

போன சனிக்கிழமை மத்தியானம், பந்தயத்தில் ஜெயித்த மாணவர்களுக்கு விருந்து. செல்லத்துரை என்ற யாழ்ப்பாணத்துப் பையன் வழக்கமாக அதிகம் பேசமாட்டான். அன்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். கிளாஸை எடுக்கப் போன கை வெறும் மேசையைத் தடவியது.

"போதும் தம்பி, இனி ஊத்த மாட்டேன். சோடா குடிங்க" என்றேன். அவன் கத்தினான். மாணவர் தலைவரும் வந்து, "ஊத்தும், இல்லாட்டி உமக்கு வேலை இல்லை" என்றார். ஆனாலும் பாட்டிலை மூடிவிட்டேன்.

செல்லத்துரை கோபத்தில் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனான். மலைப்பாதை, மழை வேறு. ஓடிப்போய் மறித்தேன். என் தோளில் சாய்ந்து அம்மாவைக் கூப்பிட்டு அழுதான். அறையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாந்தியெடுத்துத் தெளியும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.

மறுநாள் வந்து, "நேற்று நான் ஏதும் கதைச்சனானோ?" என்று, உளறிவிட்டோமோ என்ற பயத்தில் கேட்டான்.

"பாட்டுத்தான் பாடுனீக, தம்பி" என்றேன்.

விஷயம் தெரிந்ததும் வார்டன் நான் செய்தது சரியென்றார். வேலைக்குப் பயமில்லை.

ஊரிலிருந்து யாராவது வந்தால் மிளகாய்வற்றல் கொடுத்துவிடு. குளிருக்குப் போர்வை போதவில்லை, உன் பழைய சேலை ஒன்றும் வேண்டும். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான், நிறுத்துகிறேன். சேலையைத் துவைக்காமலே அனுப்பு.

கூத்தையா