அப்பாவின் எட்டாவது போர்வைக்கான அறிக்கை

செங்காங், சிங்கப்பூர்
நவம்பர், சனிக்கிழமை மாலை நான்கு மணி, மழை

அன்புள்ள மகள் வைஷாலிக்கு, அப்பா சொல்லச் சொல்லத் தங்கை அனிதா எழுதுவது.

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியும் சொன்னதைச் சொன்னபடியும் எழுதுவேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் அப்பா என்னைப் பேனாவைத் தொட விட்டார் அக்கா. போன தடவை அவர் சொன்ன வாக்கியங்களை நான் அழகுபடுத்திவிட்டேனாம், அதைப் படித்துவிட்டு அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா என்று நீ அம்மாவிடம் கேட்டாயாம். ஆகவே இது அப்பாவின் கடிதம், கை மட்டும் என்னுடையது. அவருடைய இரண்டு கைகளும் உன் போர்வையில் இருக்கின்றன. போனில் பேசிவிடலாமே, கடிதம் எதற்கு என்று அம்மா கேட்டதற்கு, பார்சலோடு ஒரு தாள் போக வேண்டும், பரிசோதித்த எந்தப் பொருளும் அறிக்கை இல்லாமல் கப்பல் பட்டறையை விட்டு வெளியே போனதில்லை என்று சொல்லிவிட்டார்.

இனி அப்பா சொல்வது. நாங்கள் மூவரும் நலம். கிளாஸ்கோவில் நீயும் உன் படிப்பும் உன் அறையில் அடிக்கடி நின்றுபோகும் அந்த ஹீட்டரும் நலமாக இருக்க முருகன் துணை இருக்கட்டும். இங்கே தினமும் மத்தியானத்துக்கு மேல் மழை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் டாக்டர் நடக்கச் சொன்ன நடையெல்லாம் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கும்போது மட்டும்தான் நடக்கிறது. (இதற்கு அம்மா சமையலறையிலிருந்து ஒரு பதில் சொன்னார், அதை எழுதாதே என்றும் சொன்னார். எழுதாதே என்று சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.) அனிதா தமிழில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள், கணக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. நீ இரவில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு பிடி சோறு பொங்க அரை மணி நேரம்கூட ஆகாது. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. மர்யம் ஆன்டி நாளை கிளாஸ்கோவில் இருக்கும் தன் மகளைப் பார்க்க விமானம் ஏறுகிறார், இன்று மாலை ஏழு மணிக்கு வந்து போர்வையை வாங்கிக்கொள்வார். புதன்கிழமைக்குள் அது உன் கைக்கு வந்துவிடும்.

இனி கொஞ்ச நேரம் நான். அப்பா விளிம்புத் துணியின் மூலைக்கு வந்துவிட்டார், மூலை மடிக்கும்போது அவர் பேச மாட்டார். நீ போன பிறகுதான் அப்பா இதில் இவ்வளவு தேறினார், அதனால் நீ பார்க்காததை நான் சொல்ல வேண்டும். சமூக மன்றத்தில் நடக்கும் ஒட்டுப்போர்வை வகுப்பில் பதினோரு பெண்கள், நம் அப்பா ஒருவர்தான் ஆண். முதல் நாள் எல்லாரும் அவர் யாரையோ கூட்டிப்போக வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களாம். இப்போது பக்கத்து இருக்கை மர்யம் ஆன்டி தன் துணியைத் தைப்பதற்கு முன் அப்பாவின் துணியைத் திருப்பிப் பார்க்கிறார். “உங்க தையலைப் பார்த்தா நான் கிளாஸுக்கு வர்றதையே நிறுத்திடலாம்லா” என்று என் எதிரிலேயே சொன்னார். நான் எப்போதும் புத்தகத்தில் இருப்பவள் என்று உனக்குத் தெரியும். ஆனால் அப்பா தைக்க உட்கார்ந்தால் பக்கத்தைப் புரட்ட மறந்துவிடுகிறேன். பழைய துணிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, தேய்த்து, உருளும் கத்தியால் ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டுகிறார். தரையில் பரப்பிவிட்டு நாற்காலியின் மேல் ஏறி நின்று பார்க்கிறார். இரண்டு பச்சை பக்கத்தில் பக்கத்தில் விழுந்திருந்தால் இறங்கி ஒன்றை மாற்றுகிறார், மறுபடியும் ஏறுகிறார். ஒருநாள் மட்டும் பதினேழு தடவை ஏறி இறங்கினார், நான் எண்ணினேன். பிறகு சதுரங்களை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் வெளிர் மஞ்சள் துணி என்று மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போடுகிறார். உன்னுடையதற்கு இந்தத் தையல் மட்டுமே பத்து வாரம் ஆனது. துவாஸில் இருக்கும் பட்டறையிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, குளித்து, சாப்பிட்டு, தினமும் ஒரு மணி நேரம்.

எண்பது சதுரங்கள் இருக்கின்றன அக்கா. அம்மாவின் தீபாவளிச் சேலைகள், பிடோக்கில் பழைய வீட்டில் தொங்கிய திரைச்சீலை, அப்பாவின் கட்டம் போட்ட கைலி, நான் பாலர் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போன கவுன், தேக்காத் தையல்காரர் தந்த வெட்டுத் துண்டுகள். கண் களைக்காமல் இருக்க நடுநடுவே பதினாறு வெள்ளைச் சதுரங்கள். அப்பாவின் முடிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இரும்புத் தகடுகளைப் பற்றவைத்த இடங்களை எக்ஸ்ரே எடுத்த படங்களைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வதுதானே அவர் வேலை, இருட்டறையில் வெளிச்சப் பெட்டியின் மேல் படத்தை வைத்துப் பார்ப்பார்கள் அல்லவா, அதையே வீட்டிலும் செய்கிறார். போர்வை முடிந்ததும் மேற்கு ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, வீட்டு விளக்கையெல்லாம் அணைக்கச் சொல்வார். வெளிச்சம் துணிக்குள் புகுந்து வரும்போது உள்ளே சிக்கிக்கொண்ட கறுப்பு நூல் துண்டு, விட்டுப்போன தையல் எல்லாம் நிழலாகத் தெரிந்துவிடும். இதுவரை ஏழு போர்வைகள் இந்தப் பரிசோதனையைத் தாண்டியிருக்கின்றன.

மணி ஐந்தரை. இப்போது நடந்ததை எழுதுகிறேன். அம்மா கையில் போனோடு கூடத்துக்கு வந்தார். “ஏங்க, வைஷு மெசேஜ் போட்டிருக்கா. அவளோட ஸ்கூல் சட்டையையும் மர்யம்கிட்ட குடுத்து விடணுமாம். கடைசி நாள் எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்களே, அது. அலமாரி முழுக்கத் தேடிட்டேன், காணோம்.” நீ எழுதியிருந்ததையும் அம்மா படித்துக் காட்டினார். இரண்டு வருடமாக இங்கே யாரும் என் பெயரைச் சரியாகக் கூப்பிடவில்லை, அந்தச் சட்டையைச் சுவரில் மாட்டினால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அப்பாவின் ஊசி நின்றது. “கிறுக்கி இருந்துச்சே, அதுவா?” என்று கேட்டார்.

அக்கா, அந்தப் பதினாறு வெள்ளைச் சதுரங்களும் உன் சட்டைதான். ஐந்து வருடத்துக்கு முன் உன் பள்ளியின் கடைசி நாளில் அப்பாவுக்கு இரவு ஷிப்ட். அவர் வருவதற்குள் அம்மா அந்தச் சட்டையை மடித்துப் பையில் போட்டு அலமாரியின் அடியில் வைத்துவிட்டார். அப்பா அதைப் பார்த்ததே இந்த ஆகஸ்டில் பழைய துணி தேடியபோதுதான். நல்ல சட்டையைப் பிள்ளைகள் இப்படிக் கிறுக்கிப் பாழாக்கியிருக்கிறார்களே என்று இரண்டு முறை துவைத்துப் பார்த்திருக்கிறார், மை போகவில்லை. துணி கனமானது, உட்பக்கத்தில் லேசான புள்ளிகள் மட்டும்தான். அதனால் கிறுக்கல் உள்ளே போகும்படி ஒவ்வொரு சதுரத்தையும் திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டார். அப்படிச் சுத்தமான பக்கத்தைக் கண்டுபிடித்ததில் அன்றைக்கு அவருக்குப் பெருமையாகவும் இருந்தது. என் பங்கையும் எழுத வேண்டும். அவர் வெட்டியபோது நான் பக்கத்தில்தான் படித்துக்கொண்டிருந்தேன். அவை கையெழுத்துகள் என்று எனக்குத் தெரியும். எப்படியும் உனக்குத்தானே போகிறது என்று நினைத்தேன். திருப்பிப் போடுவதை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இதை எழுதாதே என்று அப்பா சொன்னார். பேனாவை எடுத்துவிட்டேன். பிறகு அவரே, “இல்ல, எழுது. குறையை மறைச்சா அது ரிப்போர்ட்டே இல்ல” என்றார். அவர் சொன்னது இது: வைஷு, நீ கேட்டது ஒன்றே ஒன்று, அதை நான் வெட்டிவிட்டேன். தெரியாமல்தான் வெட்டினேன், ஆனால் யாரையும் கேட்காமல் வெட்டினேன். கேட்டிருக்கலாம். அப்பாவை மன்னித்துவிடு.

உடனே தையல் பிரிக்கும் ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு சதுரத்தைத் திருப்ப வேண்டுமானால் அதன் மேல் ஓடும் கைத்தையலைப் பிரிக்க வேண்டும், நான்கு பக்க இணைப்பையும் பிரிக்க வேண்டும், பதினாறு சதுரத்துக்கு இரண்டு மாதம் பிடிக்கும். மர்யம் ஆன்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிடு என்றார். குளிருக்குத்தானே தைத்தீர்கள், பெயர் வெளியே தெரியாவிட்டால் குளிர் தாங்காதா என்று அம்மா கேட்டார். “அவ குளிருக்காகக் கேட்கலையே ரஞ்சிதம்” என்றார் அப்பா. நான் உன் போர்வையைப் பார்த்தேன் அக்கா. அவ்வளவு அழகாக இருந்தது, அதுதான் கஷ்டமாக இருந்தது.

விளிம்பில் இன்னும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. போகிறதோ இல்லையோ, பாதியில் விட அப்பாவால் முடியாது. தைத்து முடித்து முடிச்சைத் துணிக்குள் இழுத்துவிட்டு எழுந்தார். பார்க்காமல் மடிக்கவும் அவரால் முடியாது. மழை விட்டிருந்தது, ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் வெயில் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. வழக்கம்போல ஜன்னல் கம்பியில் போர்வையைத் தொங்கவிட்டு, லைட்டை ஆஃப் பண்ணு என்றார். அணைத்தேன்.

முதலில் நூல் துண்டுகள் என்று நினைத்தேன். வெள்ளைச் சதுரங்களுக்குள் சாம்பல் நிறத்தில் சுழிகளும் கோடுகளும் தெரிந்தன. எழுத்துகள்தான், ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோல வலமிருந்து இடமாக ஓடின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய் நின்றார். எக்ஸ்ரே படத்தைத் திருப்பி வைத்தால் அதில் அடையாளத்துக்காக வைக்கும் ஈய எழுத்துகள் இப்படித்தான் தெரியுமாம், பதினெட்டு வருடமாகப் படித்துப் பழகிவிட்டாராம். “எழுதிக்க அனிதா” என்றார். இந்தப் பகுதியில் என் கையெழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் இருட்டு.

மேல் வரிசை இடமிருந்து: நூருல் ஹுதா, கூடவே ஒரு பூனைப் படம். அடுத்து ரஞ்சன், பக்கத்தில் கணக்கு நோட்டைத் திருப்பித் தரச் சொல்லி ஒரு வரி. நோட்டைக் கொடுத்துவிட்டாயா என்று அப்பா கேட்கிறார். ஜியா யி என்ற பெயர் வெட்டுப்பட்டுவிட்டது, ‘ஜியா’ இரண்டாம் வரிசையில் இருக்கிறது, ‘யி’ அடி வரிசையில் அம்மாவின் ஊதாச் சேலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஸ்ரீநாத், என்றைக்கும் மாறாதே என்று எழுதியிருக்கிறான். ஒரு பெயர் தையலுக்குள் போய்விட்டது, ‘மி’ என்று முடிகிறது, யாரென்று உனக்குத் தெரியும். இப்படி இருபத்து மூன்று பெயர்கள் முழுதாகவும் நான்கு பாதியாகவும் படிக்கப்பட்டன. முழுப் பட்டியலைப் பின்பக்கத்தில் தனியாக எழுதியிருக்கிறேன். கடைசிச் சதுரத்தின் ஓரத்தில் பெரிய பெரிய எழுத்தில் அனிதா, தொடக்கப்பள்ளி மூன்று என்று அப்பா படித்தார். நான் அதை மறந்தே போயிருந்தேன். நீ குளிக்கப் போனபோது எழுதியிருக்க வேண்டும்.

அப்பா இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். “எல்லாரும் இருக்காங்க. நான்தான் இல்ல” என்றார். இப்போது கையெழுத்துப் போட வேண்டாமென்று யார் சொன்னது என்று அம்மா கேட்டார். தேறிய இணைப்பின் மேல் பட்டறையில் அடையாளம் போடுவாரே, அந்தப் பேனாவை அப்பா தன் பையிலிருந்து எடுத்தார். சட்டையில் மிஞ்சிய ஒரு துண்டில் தமிழில் ரத்னவேல் என்று எழுதி, கீழே தேதி போட்டு, அம்மாவிடமும் நீட்டினார். பிறகு அதைப் போர்வையின் பின் மூலையில் எழுத்து உள்ளே இருக்கும்படி வைத்துத் தைத்தார். வெளியே தெரியும்படி தைக்கலாமே என்றேன். பிள்ளைகளெல்லாம் உள்ளே இருக்கும்போது நாங்கள் மட்டும் வெளியே எதற்கு என்றார்.

மர்யம் ஆன்டி கீழேயிருந்து போன் செய்கிறார். வண்டியை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியிருக்கிறாராம், அபராதம் வந்தால் அப்பாவின் பெயருக்குத்தான் வருமாம். அப்பா போர்வையை மடித்துக்கொண்டே அவசரமாகச் சொல்கிறார், எழுதுகிறேன். மகளே, சட்டையாகத் திருப்பித் தர என்னால் முடியாது. ஆனால் ஒருவரும் தொலைந்துபோகவில்லை, நானே பார்த்துவிட்டேன். அங்கே பகல் வெளிச்சம் சீக்கிரம் போய்விடுமாம், ஆகையால் விடுமுறை நாளில் உச்சி வேளையில் ஜன்னலில் தொங்கவிட்டுப் பார். கைக்கண்ணாடி ஒன்று பக்கத்தில் வைத்துக்கொள். துவைப்பதானால் குளிர்ந்த நீர். மற்ற நேரமெல்லாம் போர்த்திக்கொள், அதற்குத்தான் தைத்தது. படிப்பும் உடம்பும் நல்லபடி இருக்க எங்கள் இருவரின் ஆசிகள் எப்போதும் உன்னோடு இருக்கும். சோற்றை மறக்காதே.

உன் அன்பு அப்பா
ரத்னவேல்
(எழுதியது: அனிதா)

பார்த்தபோது இருந்த சூழ்நிலையை அறிக்கையில் குறிக்காவிட்டால் செல்லாது என்று அப்பா படியிறங்கும்போது நினைவூட்டிவிட்டுப் போனார். பெயர்கள் படிக்கப்பட்ட நேரம் மாலை ஆறு முப்பத்தைந்து. மழை நின்றிருந்தது. வீட்டின் விளக்குகள் எல்லாம் அணைக்கப்பட்டிருந்தன.