வாய்விட்டுச் சொல்லாத நிறை

நேற்று மொன்ட்ரியாலில் நம் செயின்ட்-மிஷேல் சமூக நிலையத்துக்குக் குழந்தைகளை நிறுக்கும் புதுத் தராசு வந்தது. எண்கள் சிவப்பாக, அறை முழுவதற்கும் தெரியும்படி எரிகின்றன. நான் உடனே ஒரு துவாயை எடுத்து அதை மூடினேன். புதிதாகச் சேர்ந்த தாதி காரணம் கேட்டாள். இருபது வருடத்துக்கு முன் இங்கே கைப்பிள்ளையோடு வந்த உம்மைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

அந்த நாட்களில் நான் நிறையைக் கூவித்தான் சொல்வேன். தாய்மார் மகிழ்வார்கள் என்று எண்ணம். உம்முடைய மகனுக்கு இரண்டு மாதத்தில் ஐந்தரைக் கிலோ என்று அறை அதிரச் சொன்னேன். அதன்பிறகு நீர் வரவில்லை. நம்மவர் பலரும் வருவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் புரியாமல், அவர்களை வரவழைக்க நான் புதுத் துண்டுப்பிரசுரம் அடித்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தும் எனக்கு அவ்வளவுதான் மூளை.

ஐந்தாம் மாதம் நீர் வந்தபோது பிள்ளை வாடிப்போயிருந்தான். நிறை கூடவே இல்லை. எனக்குப் பயத்தில் கோபம் வந்தது.

"இவ்வளவு நாளும் எங்க போனீர்?"

"நீர் சந்தையில கூவிற மாதிரிக் கூவினீர். அண்டைக்குப் பின்னேரமே பிள்ளைக்குக் காய்ச்சல். நாலு பேர் கேட்டு நாவூறு, கண்ணூறு பட்டிட்டுது எண்டு வீட்டில ஒரே கதை. பேந்து எப்பிடிக் கொண்டுவாறது?"

"நீர் அதை நம்பிறீரோ?"

"அதை விடும். நிறையை எழுதி மடிச்சுத் தாரும். மற்றாக்களை நான் கூட்டியாறன்."

தடித்த பால் செமிக்காது என்று பால்மாவை நீர் தண்ணீராகக் கரைத்துவந்ததும் அன்றுதான் தெரிந்தது. அளவாகக் கரைக்கக் காட்டினேன். சில வாரங்களில் பிள்ளையின் கன்னம் நிரம்பியது.

நான் நிறையை எழுதி மடித்துக் கொடுக்கத் தொடங்கினேன்; நீர் சொன்னபடியே மற்றவர்களைக் கூட்டிவந்தீர். நகரின் வடக்கே மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ் மாறி, பனிக்குள் தள்ளுவண்டிகளோடு வந்தார்கள். வந்தவர்களிடம்தானே பாலையும் கஞ்சியையும் பற்றி நாங்கள் கதைக்க முடிந்தது? மேலாளர் என்னைப் பாராட்டியபோது, அது உம்முடைய யோசனை என்று பெருமையோடு சொன்னேன். நீர் சிரித்துக்கொண்டே எல்லோரும் தேநீர் குடித்த கோப்பைகளைக் கழுவப் போய்விட்டீர்.

உம்முடைய இறுதிச் சடங்கில் பெட்டியைத் தூக்க ஆறு பிள்ளைகள் வந்தார்கள். உம்முடைய மகன் முன்னால் நின்றான். மற்ற ஐவரும் நீர் கூட்டிவந்த பிள்ளைகள். ஆறு பேரும் என்னைவிட ஒரு முழம் உயரம். பக்கத்தில் நின்ற பெண் கண்ணைத் துடைத்தபடி, "என்ன வளர்த்தி பாருங்கோ" என்றாள். அவர்கள் ஒவ்வொருவரின் முதல் நிறையும் எனக்கு மனப்பாடம். நான் வாய் திறக்கவில்லை.