ஒன்று விட்டு ஒரு பலகை

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இங்கே மாமாவும் சின்னவளும் நானும் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்தே இழைக்காமல் நடுவில் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கச் சொல்லி மாமா எழுதச் சொன்னார்.

முதலில் நல்ல செய்தி. பேரி மரம் பூத்துவிட்டது! இன்னும் குளிரே விடவில்லை, காலையில் குழாயைத் தொட்டால் விரல் மரத்துப்போகிறது, அதற்குள் இதற்கு என்ன அவசரமோ. "அம்மா, பூத்துருச்சும்மா, வந்து பாரேன்!" என்று சின்னவள் போட்ட கூச்சலில் அடுப்பிலிருந்த பாலைப் பொங்கவிட்டுவிட்டேன். பட்டாணியும் முழங்கால் உயரம் வந்து நேராக நிற்கிறது. இரண்டு வருடமாக அது படுத்துக்கிடந்ததைப் பார்த்தவர் நீங்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த வசந்தத்திலும் காற்று எல்லாவற்றையும் சாய்த்துவிட்டால், வீட்டைப் பூட்டிக்கொண்டு பட்டணத்துக்கே வந்துவிடச் சொல்லி எழுதியிருந்தீர்களே, அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. பட்டறைக்கு மேலே ஒற்றை அறை, ஒற்றை ஜன்னல். அங்கே வந்து நான் எதை நடுவேன், சொல்லுங்கள்.

இனி எழுதப்போவதற்குக் கோபப்படக் கூடாது. பட்டாலும் பரவாயில்லை, செய்தது செய்ததுதான்.

காற்றைத் தடுக்க மேற்கே ஒரு பலகைச் சுவர் அடித்தீர்கள். ஊசி நுழைய இடமில்லை. நல்ல தச்சர் என்று பெயரெடுத்தவர் வேறெப்படி அடிப்பார்! தெற்கு மூலையில் மட்டும் பலகை பற்றாமல் சந்து விட்டு அடித்துவிட்டு, பார்க்கிறவன் சிரிப்பான், அடுத்த லீவில் அடைத்துவிடுகிறேன் என்று கூச்சப்பட்டீர்கள். இரண்டு மாதத்துக்கு முன் அடித்த காற்றில் உங்கள் அருமையான சுவருக்குப் பின்னால் இருந்த நாற்றெல்லாம் மண்ணோடு மண். அந்த மூலையில் இருந்தவை மட்டும் ஜம்மென்று நின்றன.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. வழி கிடைக்காத காற்று சுவர்மேல் ஏறி இந்தப் பக்கம் தொப்பென்று குதித்துப் புரட்டுகிறது. வழி விட்டால் முனகிக்கொண்டே மெதுவாகப் போய்விடுகிறது, நம் மாமாவைப் போல. சுத்தியலை எடுத்தேன். சுவர் முழுக்க ஒன்று விட்டு ஒரு பலகையைக் கழற்றிவிட்டு, மறுபடியும் விதைத்தேன்.

"ஏம்மா, என் மகன் செஞ்ச வேலையையே பிச்சுப் போடுறியா? அவன் வந்து கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது, ஆமா!" என்றார் மாமா. சொன்னவரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கழற்றிய ஆணிகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டி நிமிர்த்தி டப்பாவில் போட்டார்.

முந்தாநாள் மறுபடியும் பேய்க்காற்று. பக்கத்துத் தோட்டத்துக் கொட்டகைத் தகரம் பறந்து ரோட்டில் விழுந்தது. நம் பட்டாணி ஆடியது, அசைந்தது, ஒன்றுகூடச் சாயவில்லை. நான் நடுத்தோட்டத்தில் நின்று பைத்தியம்போல் கைதட்டினேன். நீங்கள் நட்ட கம்பங்களும் இம்மி நகரவில்லை. அந்தப் பெருமை உங்களுக்கு. பட்டாணி நின்ற பெருமை எனக்கு. அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

தகரம் பறிகொடுத்தவர் நேற்று வந்து வேலியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதே மாதிரி எங்களுக்கும் ஒண்ணு அடிச்சுத் தருவாரா உங்க வீட்டுக்காரரு?" என்று கேட்டார். அவர் தம்பிக்கும் வேண்டுமாம், மேட்டுத் தோட்டத்துக்காரருக்கும் வேண்டுமாம்.

மாதக் கடைசியில் சாமான் ஏற்றிப்போக லாரியோடு வருவதாக எழுதியிருந்தீர்கள். லாரி வேண்டாம். உளிப்பெட்டியையும் படுக்கையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள். மூன்று பேருக்கும் நீங்கள் அடித்துக் கொடுப்பீர்கள் என்று உங்களைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வழியெல்லாம் கடவுள் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
வீட்டுக்காரி