பேனரின் பின்பக்கம்

என் பிடிவாதக்காரத் தம்பி சலீமுக்கு,

உனக்கு எழுத உட்கார்ந்தாலே சண்டைக்கு உட்கார்ந்தது போலத்தான் இருக்கிறது. பழக்கதோஷம். அதனால் நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. வயது வந்த இருவர், ஆணும் ஆணுமாகவே இருந்தாலும், மனமொப்பித் தனிமையில் சேர்ந்திருப்பது குற்றம் இல்லையாம். தண்டனைச் சட்டத்தின் முந்நூற்று எழுபத்தேழாம் பிரிவு இனி அவர்கள் மேல் பாயாது.

செங்கல்பட்டு கோர்ட் வராண்டாவில் நின்றபடியே பேப்பரைப் படித்தேன். பக்கத்தில் இருந்த சீனியர் வக்கீல் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "கலி முத்திப்போச்சும்மா" என்றார். எதற்கும் பதில் சொல்லாமல் விடாத உன் அக்கா, அன்றைக்கு நேராகக் கேண்டீனுக்குப் போய் ஒரு டீ சொன்னாள். டீ கொண்டுவந்தவர் "இன்னாம்மா, கண்ணுல தூசா?" என்று கேட்டபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது. இன்னும் பத்து மாதம் இருந்திருக்கக் கூடாதாடா நீ?

இந்தக் கடிதத்தை நம் போர் எதிர்ப்புக் குழுவின் இதழில் போடப் போகிறார்கள். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையே உனக்குத் திரும்பச் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்.

பொக்ரானில் அணுகுண்டு வெடித்துச் சோதித்த வாரம் அது. ஊரெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நாங்கள் ஏழு பேர் ஒரு டுட்டோரியல் அறையில் கூடியிருந்தோம். சதுரங்கப்பட்டினத்தில் கடை போர்டு எழுதுகிறவன் என்று யாரோ உன்னைக் கூட்டி வந்தார்கள். பேனரை எழுதி முடித்துப் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டே, "நானும் வந்து நின்னுகினா தப்பாக்கா?" என்று கேட்டாய். உன் வீட்டு மாடியில் நின்றால் அணுமின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும் என்றாய். எட்டாவது ஆளாக வந்தவன் பத்து வருஷம் ஒரு கூட்டத்துக்கும் வராமல் இருந்ததில்லை.

நம் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பேனரில் இரண்டு பக்கமும் எழுதுவோம். முன்பக்கம் ரோட்டில் நிற்பவர்களுக்கு. பின்பக்கம் ஊர்வலத்தில் பின்னால் நடந்து வருகிற நமக்கு. "நமக்கே மறந்துடக் கூடாது இல்லக்கா" என்று நீதான் ஆரம்பித்துவைத்தாய்.

பிறகு ஒருநாள் காலை என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாய். உதடு கிழிந்திருந்தது. மாமல்லபுரம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் மூன்று பேரைப் போலீஸார் பிடித்துப் போயிருந்தார்கள். ஒருவனை அடித்து அனுப்பிவிட்டார்கள், இரண்டு பேர் இன்னும் உள்ளே இருக்கிறார்கள், ஜாமீன் எடுக்க வேண்டும் என்றாய். மூன்றாவது ஆள் யார் என்று மனுவை எழுதிக்கொண்டே கேட்டேன். "நான்தான்க்கா" என்றாய். நான் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். நீ கண்ணைத் தாழ்த்தவில்லை.

அந்த ஸ்டேஷனில் முதலில் பேரைக் கேட்டார்களாம். சலீம் என்றதும் எந்த நாட்டுக்கு வேவு பார்க்கிறாய், அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் உனக்கென்ன வேலை என்று ஒரு ரவுண்டு. அது முடிந்ததும் தோப்பில் யாரோடு இருந்தாய் என்று இன்னொரு ரவுண்டு. "பேருக்கு ஒரு அடி, கூட இருந்த ஆளுக்கு ஒரு அடி. ரெண்டுக்கும் ஒரே லத்திதான்க்கா" என்று சிரித்தாய். சிரித்ததில் உதட்டிலிருந்து மறுபடி ரத்தம் வந்தது. ஜாமீன் எடுத்தேன். ஆனால் நீ சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டேனா? வாங்கிக்கொண்டதாகத்தான் நினைத்தேன்.

ஈராக் மேல் குண்டு போட்டபோது ஊர்வலம் வைத்தோம். நான் அப்போது குழுவின் செயலாளர். துண்டுப் பிரசுரத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னாய். இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை, அவ்வளவுதான். அந்த வரியை நான் கோடு போட்டு அடித்துவிட்டேன். மற்றவர்கள் முகம் சுளித்ததால் மட்டும் அல்ல. எனக்கே அது வேறு விஷயமாகத் தோன்றியது. "முதல்ல போர் சலீம், அப்புறம் இது" என்றேன்.

"அப்புறம்னா எப்பக்கா? அங்க குண்டு போடுறவன் கேள்வி கேக்காதேன்றான். இங்க தோப்புல புடிக்கிறவனும் அதையேதான் சொல்றான். நீ மட்டும் ரெண்டையும் பிரிச்சு வெச்சுகினு கீறே" என்றாய். நான் வக்கீல் இல்லையா, வாதத்தில் உன்னைத் தோற்கடித்தேன். எப்படித் தோற்கடித்தேன் என்பது இப்போது ஞாபகம் இல்லை. நீ சொன்னது மட்டும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது.

பேனரை நீயேதான் எழுதினாய். முன்பக்கம் "போர் வேண்டாம்". பின்பக்கம், நான் அடித்த வரி. "முன்பக்கம் ரோட்டுக்கு, பின்பக்கம் நமக்குக்கா. வழக்கந்தானே" என்று ஒன்றும் தெரியாதவன் மாதிரி சொன்னாய். ரோட்டில் இருப்பவர்கள் பார்க்கப் போவதில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆனால் நீ வாங்கிய துணி மெல்லிய துணி. மாலை வெயில் எங்கள் முதுகுப் பக்கம். ரயில் நிலையத்திலிருந்து நூறு அடி போவதற்குள் பின்பக்கத்து எழுத்தெல்லாம் இடவலம் மாறி முன்பக்கம் தெரிந்துவிட்டது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றும் படிக்க முடியவில்லை. பத்து வருஷம் போர்டு எழுதினவனுக்குத் துணியை வெயிலில் பிடித்துப் பார்க்கத் தெரியாதா? பழக்கடைக்காரர் ஒருவர் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இன்னாபா எழுதிக்கீது? ஆண்கள்னு கீது, போருன்னு கீது" என்றார். ஜனங்கள் சிரித்தார்கள். நீ அவரிடம் போய்ப் பொறுமையாக ஒவ்வொன்றாகப் படித்துக்காட்ட ஆரம்பித்தாய்.

நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. உன் கையிலிருந்து கம்பைப் பிடுங்கினேன். நடுரோட்டில், எல்லோரும் பார்க்க, பேனரைச் சுருட்டினேன். "பேஜார் பண்ணாதே, பின்னாடி போய் நில்லு" என்றேன். நீ பின்னால் போனாய். ஊர்வலம் முடிகிறவரை கடைசி ஆளாக, வெறும் கையோடு, கோஷம் போட்டுக்கொண்டே வந்தாய். உன் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது.

மன்னிப்புக் கேட்கலாம் என்று மறுநாள் வந்தேன். நீ அதற்கு இடம் கொடுக்கவில்லை. "அடுத்த தபா கெட்டித் துணியா வாங்கலாம்க்கா" என்று நாஸ்தா வாங்கிக் கொடுத்தாய். அதற்கப்புறம் உன் வரியைப் பற்றி நீ பேசவே இல்லை. நீ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

போன செப்டம்பரில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. உன்னை அடக்கம் செய்த அன்று கபர்ஸ்தான் வாசலில், வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் தேவராஜ் தனியாக நின்றிருந்தான். உன்னோடு ஒரே வீட்டில் ஆறு வருஷம் இருந்தவன், ஆஸ்பத்திரியில் உனக்குக் கஞ்சி ஊட்டியவன். உன் உறவுக்காரர் ஒருவர் "இது யாரும்மா?" என்று கேட்டார். "சிநேகிதர்" என்றேன். தேவராஜ் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். அந்தத் தலையாட்டலை என்னால் மறக்க முடியவில்லை சலீம். அன்றைக்கும் உன் பேனரை நான்தான் சுருட்டினேன்.

இப்போதைய கதைக்கு வருகிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் போர் முடிந்துவிட்டது என்கிறார்கள். முடிந்த விதத்தை நீ பார்க்காமல் போனதே நல்லது. மிச்சம் இருக்கிற தமிழ் ஜனங்களை முள்வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். அவர்களை வெளியே விடு என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர்வலம். படூரில் கல்லூரி ஆசிரியராக இருக்கிற கோமதிதான் இப்போது செயலாளர். நல்ல பெண், என்னைவிடக் கெட்டிக்காரி.

போன வாரக் கூட்டத்தில் நான் எழுந்து, டெல்லி தீர்ப்பைக் காப்பாற்ற வேண்டும், மேல்முறையீட்டுக்குப் போகிறார்கள், அதற்கும் ஒரு வரி சேர்ப்போம் என்றேன். கோமதி தன்மையாகத்தான் சொன்னாள். "முதல்ல முள்வேலி மேடம், அப்புறம் இது."

எனக்கு உட்காரத் தோன்றவில்லை. என் வாக்கியத்தை இன்னொருத்தி வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு சின்ன வாக்கியம் என்று தெரிந்தது. அந்த மாலை வெயிலையும் பழக்கடைக்காரரையும் நான் சுருட்டின பேனரையும் அப்படியே சொன்னேன். லத்தியைப் பற்றி நீ சொன்னதையும் சொன்னேன். கோமதி கடைசியில், "பேனரை யார் மேடம் எழுதுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

தேவராஜ்தான் எழுதினான். இத்தனை நாள் மீன்பிடி ஃபைபர் போட்டுகளுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தவன், உன் பிரஷ்களை வைத்துத்தான் எழுதினான். நீ சொன்னபடி கெட்டித் துணியாகவே வாங்கினேன். கடைக்காரர் முன்னாலேயே வெயிலில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. நம் வழக்கப்படி இது முன்பக்கம், இது பின்பக்கம் என்று தேவராஜ் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தான். வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பை நான் பிடிப்பேன், இன்னொன்றைத் தேவராஜ் பிடிப்பான். மைக்கில் அவனை யார் என்று சொல்லட்டுமா என்று அவனிடமே கேட்டேன். "சொல்லுக்கா. அவன் போயே போய்ட்டான். இனிமே யாருக்குப் பயந்துகினு கீறது?" என்றான்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் தம்பி. சலீமோடு வாழ்ந்தவர் என்றுதான் சொல்வேன். சிநேகிதர் என்ற வார்த்தை என் வாயில் வராது. முள்வேலியை அகற்று என்று ஒரு வரி, அதற்கு நேர் கீழே அதே அளவு எழுத்தில் உன் வரி. இரண்டும் முன்பக்கத்திலேயே இருக்கின்றன. பின்பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

உன் கையிலிருந்து கம்பைப் பிடுங்கிய,
உன் அக்கா
அலமேலு