ஜெசிக்கு, அவளுடைய சப்பாத்தைப் பற்றி

என் சண்டைக்காரி ஜெசி,

நீ போய் ஐந்து மாதமாகிறது. நீ ஆடப் போட்ட கறுப்புச் சப்பாத்து இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதைப் பார்க்கிற நேரமெல்லாம் என்னில்தான் கோபம் வருகிறது. கொஞ்சம் உன்னிலும்.

நாற்பத்து மூன்று வயதில் உனக்கு ஏனடி ஐரிஷ் ஆட்டம்? டோர்வல் விமான நிலையத்தில் உன்னோடு துப்புரவு வேலை செய்த மொரீன்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு போனாள். லாசாலில், எங்கள் மாதா கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில், வியாழக்கிழமைதோறும் எட்டுப் பேராய் ஆடினீர்கள். தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தால் சனம் என்னைத்தான் பிடித்துக் கேட்டது. "தங்கச்சி இப்ப வெள்ளைக்காரியளோட துள்ளுறாவாம், மெய்யே?" வெட்கத்தில் நான் உன்மேல் பாய்ந்தேன்.

நீ சிரித்தாய். "அக்கா, கைகோத்துச் சுத்துற நேரம் தவிர இதிலை கையை அசைக்கவே கூடாது. ரெண்டும் பக்கத்திலை சும்மா கிடக்கும். விடியத் தொடங்கிக் கக்கூஸ் கழுவின கை, ஒரு மணித்தியாலம் ஒண்டும் செய்யாமல் இருக்குது. உனக்கு இது விளங்காது."

விளங்கவில்லைதான். மொரீனின் ஐரிஷ் முன்னோர் பஞ்சத்தில் கப்பலேறி வந்தவர்களாம். கொண்டுவரச் சாமான் ஒன்றும் இல்லாமல், இந்த அடிகளைத்தான் காலில் கொண்டுவந்தார்களாம். "எங்களை மாதிரித்தானே அக்கா" என்றாய். "ஏன், எங்களுக்கு எங்கடை ஆட்டம் இல்லையோ?" என்று உன் வாயை அடைத்தேன். நான் எந்த ஆட்டத்தை ஆடிக் கிழித்தேன், சொல்லு?

ஆஸ்பத்திரியில் நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். "அந்தச் சப்பாத்தைப் போட்டு என்னை அனுப்பு." ஓம், ஓம் என்று தலையாட்டினேன்.

உன்னைப் பெட்டியில் வைத்த அன்று மொரீன் அதை மினுக்கிக் கொண்டுவந்தாள். "பேந்து போடுறன்" என்று வாங்கினேன். அவள் அங்கால் போனதும் சித்தி சத்தம் வைத்தார். "பட்டுச்சீலைக்குச் சப்பாத்தோ? சனம் காறித் துப்பும்!" நானும் அதை என் பைக்குள் தள்ளிவிட்டேன்.

பெட்டியின் தலைப்பக்கம் மட்டும்தான் திறந்திருந்தது, ஜெசி. கால்பக்கம் மூடிக் கிடந்தது. எந்தச் சனம் பார்த்திருக்கும்? பார்த்தால்தான் என்ன? அந்தச் சனத்தில் ஒன்றாவது பிறகு எனக்கு ஒரு போன் எடுத்ததா?

போன கிழமை டெப்பானர் கடையில் பால் எடுக்கும்போது மொரீனைக் கண்டேன். இப்போது ஏழு பேராய்த்தான் ஆடுகிறார்களாம். உன் இடத்தில் நீ நிற்கிறாய் என்று நினைத்துக்கொண்டு சுற்றுகிறார்களாம். அந்தச் சப்பாத்தோடு நீ போனதுதான் தனக்கு ஆறுதல் என்று என் கையைப் பிடித்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். பாலையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வருகிற வியாழக்கிழமை அந்தச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குப் போவேன். உன் கால் அளவுதானே என் காலும். கண்டவுடன் மொரீனுக்கு எல்லாம் விளங்கிவிடும். ஏசட்டும். துரத்தாவிட்டால் உன் இடத்தில் நிற்பேன், கையை அசைக்காமல். இந்த முறை சொன்னபடி செய்வேன்.

உன்னை வெறுங்காலோடு அனுப்பிய
அக்கா