கத்தி யார் கைக்கு?

மார்ச் 4

மன்னித்துக்கொள் குட்டி, இந்நேரத்துக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ முகத்தைச் சுளித்துவிட்டுத் திரும்பிப் படுத்தாய். உன் அப்பா தூங்குகிற மாதிரி கிடக்கிறார். தூக்கமா அது? எனக்குத் தெரியாதா.

இன்று அவர் கைக்கட்டைப் பிரித்தார்கள். வண்டியிலிருந்து விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு மட்டும்தான் போயிற்று என்று நினைத்திருந்தோம். எலும்பு கூடிவிட்டது. வலது கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டும்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நரம்பாம். "வரும். ஆனா எப்போன்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் டாக்டர். எப்போன்னுதானே கேட்கணும்? வேறு என்னத்தைக் கேட்பது?

ஹோட்டல் சமையலறையில் இவர்தான் வெட்டுகிற ஆள். காயோ மீனோ இவர் கையைத் தாண்டித்தான் அடுப்புக்குப் போகும். மாதக் கடைசி வரை இவர் இடத்தில் வேறு ஆள் போடுவதில்லை என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர். நல்ல மனிதருக்கும் மாதம் முடியும்.

மார்ச் 6

குட்டிக்குச் சளி. மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்து வைத்துப் பார்த்ததில் அவள் எழுந்துவிட்டாள். அறையில் எங்கேயோ கீச் கீச் என்று சத்தம் வேறு. எலியா? எலி குழந்தையைக் கடிக்குமா?

மார்ச் 9

இடது கையால் வெட்டிப் பார்க்கிறேன் என்று தன் கத்தியை எடுத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பிறவியிலேயே இடது கைப் பழக்கம், அதனால் இன்று நான் வாத்தியார். விரல் நுனியை உள்ளே மடக்குங்க, தோளை இறக்குங்க என்று பக்கத்தில் நின்று உயிரை வாங்கினேன். எல்லாவற்றுக்கும் "சரிங்க புரொபசரம்மா" என்றே பதில்.

உருளைக்கிழங்கு. முதல் துண்டு மேலே தடிமன், கீழே காகிதம். அடுத்ததும் அப்படியே. கத்தி இறங்க இறங்க இடது பக்கம் ஒதுங்குகிறது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணமானதிலிருந்து இந்தக் கத்தியில் நான் வெட்டுவது எல்லாம் இதே அழகுதான். உன் வெள்ளரிக்காய் யார் தோளிலோ சாய்ந்துகொண்டு நிற்கிறது என்று கிண்டல் செய்வார். என் கைதான் சரியில்லை என்று நானும் நம்பியிருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் கத்தியைத் தூக்கிப் பிடித்துக் கூர் விளிம்பையே பார்த்தார். வலது பக்கம் நல்ல சரிவாகத் தீட்டியிருக்கிறது, இடது பக்கம் ஏறக்குறைய தட்டை. வலது கைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். இடது கையில் பிடித்தால் அந்தச் சரிவே கத்தியைத் துண்டின் பக்கம் தள்ளிவிடும். அவருக்கு இது தெரியாததில்லை. தன் கைக்கென்று கேட்டு வாங்கிய கத்தி. என் கைக்கு அது என்ன செய்யும் என்று யோசித்ததில்லை, அவ்வளவுதான்.

"அடிப்பாவி, இத்தன வருஷமா இதுலயா வெட்டிட்டிருந்த? வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"உங்க கத்தியக் குறை சொல்லிட்டு இந்த வீட்ல குடித்தனம் பண்ண முடியுமா?"

அப்புறம்தான் சிரித்தார். சாய்ந்த துண்டு எல்லாவற்றையும் வேகவைத்து அவரே சாப்பிட்டார். பிராயச்சித்தமாம்.

மார்ச் 12

கத்தியை மாற்றித் தீட்டினால்தான் ஆகும். சாணைக் கடைக்கு நானே கொண்டுபோனேன். குட்டி இடுப்பில், கத்தி பையில். துணி சுற்றி, அட்டை வைத்து, மறுபடி துணி சுற்றி. கடைக்கார அக்கா பிரித்துக்கொண்டே இருந்தார். "பச்சக் கொழந்தையக்கூட யாரும் இப்படிச் சுத்த மாட்டாங்கம்மா."

இரண்டு வழி இருக்கிறது என்றார். இரண்டு பக்கமும் சமமாகத் தீட்டினால் எந்தக் கைக்கும் நேராக இறங்கும், ஆனால் பழைய ஓட்டம் வராது. சரிவை அப்படியே இடது பக்கம் மாற்றினால் இடது கைக்குப் பழைய ஓட்டம் கிடைக்கும். அதற்கு இரும்பை நிறையத் தேய்க்க வேண்டும். பிறகு மறுபடி வலதுக்கு மாற்றலாம் என்று வந்தால் கத்தியில் ஒன்றும் மிஞ்சாது.

"யார் கைக்கு?" என்றார்.

இடது என்றால் அவர் வலது கை இனி இல்லை என்று நானே சொன்ன மாதிரி. சமம் என்றால் மாஸ்டர் முன்னால் நிற்கும்போது வேகம் பற்றாமல் போனால்? குட்டி என் தோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். இடது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம். கேட்டால் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மார்ச் 13

கடையில் என்ன சொன்னார்கள் என்று கேட்டார். வேலை நிறைய இருக்கிறதாம் என்றேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

மார்ச் 16

சாணைக் கடை அக்கா போன் செய்தார். கத்தியைக் கல்லில் வைக்கவே இல்லையாம்.

"நீங்க இடதுன்னு சொல்லிட்டுப் போனீங்க. உங்க வீட்டுக்காரர் போன் போட்டு ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டும்கிறார். வீட்ல அவளும் எடுக்கணும், என் கையும் வந்துரும்னார். ஏம்மா, ஒரே வீட்லதான இருக்கீங்க?"

நான் சொன்னதை அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன். எனக்கெதற்கு உங்கள் வீட்டு வம்பு, பேசி முடிவுசெய்து சொல்லுங்கள் என்று வைத்துவிட்டார்.

என் கையும் வந்துரும். சாணைக் கடையில் சொல்ல முடிந்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. நான் பயப்படுவேன் என்றா? நான் எதற்குத்தான் பயப்படவில்லை.

படுக்கையை உதறும்போது அவர் தலையணைக்கு அடியிலிருந்து குட்டியின் ரப்பர் வாத்து விழுந்தது. அமுக்கிப் பார்த்தேன். கீச்.

எலி இல்லை.

மார்ச் 20

ஆள் பற்றவில்லை, நாளைக்கு வந்து பார் என்று மாஸ்டரே கூப்பிட்டுவிட்டார். கத்தி கடையில் கிடக்கிறது. அங்கே இருக்கும் பொதுக் கத்தி போதும் என்கிறார் இவர். அது சமமாகத் தீட்டியதுதான். சட்டையை இஸ்திரி போட்டேன். மறுபடியும் போட்டேன்.

மார்ச் 21

வந்ததும் வாசலிலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். வேண்டுமென்றே மெதுவாக. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

"மெதுவா இருக்குன்னாரு."

சரி.

"நேரா இருக்குன்னாரு."

சரி.

"நாளையிலருந்து காலை ஷிப்ட்டாம்."

குட்டியை அவர் மடியில் போட்டுவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அழுகிற சத்தம் வெளியே கேட்கக் கூடாதில்லையா.

மார்ச் 25

இந்தப் பக்கம் உங்களுக்கு. மற்ற பக்கங்களைப் புரட்டக் கூடாது. புரட்டினால் கிண்டல் செய்யக் கூடாது.

நான் எழுவதற்குள் நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். வந்த பிறகு குட்டி நம்மைப் பேச விடுவதில்லை. அதனால்தான் உங்கள் டிபன் டப்பாவுக்கு அடியில் இதைத் திறந்து வைக்கிறேன்.

கடையில் நான் இடது என்று சொல்லியிருந்தேன். உங்க கை வராதுன்னு நினைச்சு இல்லைங்க. மாதக் கடைசியை நினைச்சு பயந்துட்டேன், அவ்வளவுதான். நீங்கள் சமம் என்று சொன்னதும் எனக்குத் தெரியும். வாத்தும் தெரியும். இனிமேல் விரல் பயிற்சிக்கு அதைப் பகலிலேயே அமுக்கலாம். பாவம், குட்டி வீடு முழுக்கத் தேடுகிறாள்.

இன்னொன்று. நேற்று சாயந்திரம் குட்டி துள்ளிக்கொண்டிருந்தாள், நீங்கள் அவளுக்குச் சட்டை மாட்டினீர்கள். இடது கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, மேல் பித்தானை வலது கையால் போட்டீர்கள். கட்டைவிரல் மடங்கியது. உங்களுக்கே தெரியவில்லை. சத்தம் போட்டால் ஓடிவிடுமோ என்று நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

ஒரு பித்தான்தான். அடுத்ததை நான்தான் போட்டேன். ஆனாலும் என் ஓட்டை மாற்றிக்கொள்கிறேன். சமமாகவே இருக்கட்டும். வேகம் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும். ஆனால் கை உங்களுடையது, கத்தியும் உங்களுடையது. கடைசி வார்த்தை நீங்கள்தான் சொல்லணும்.

அக்கா இன்று மறுபடி கேட்டுவிட்டார். கீழே இடம் விட்டிருக்கிறேன், பேனாவும் வைத்திருக்கிறேன். எந்தக் கையால் வேண்டுமானாலும் எழுதுங்க, கோணலா இருந்தாலும் பரவாயில்லை. சீக்கிரம் பதில் எழுதுங்க.